முறைமாமன் வழி வந்த அல்சேஷன்

மாலை நான்கு இருபது. கெலிஓயாவில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. அடுப்பில் கேத்தல் கொதிக்கத் தொடங்கியதையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மகள் டியூஷனுக்குப் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னறையில் கதிரை ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தம். பலகையில் யாரோ விடாமல் தட்டுவதுபோல. போய்ப் பார்த்தால், எங்கள் அல்சேஷன் தரையில் பக்கவாட்டில் கிடந்தது. நான்கு கால்களும் விறைத்து நின்றன; பிறகு ஓடுவதுபோலக் காற்றை உதைத்தன. வாயில் நுரை. சிறுநீர் தரையில் பரவிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

மகள் அதன் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை. அவளும் நானும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இப்படித் தெரியாமல் நிற்பதுதான் உத்தமம் என்று பிறகு மிருக வைத்தியர் சொன்னார். சும்மா நிற்க எங்களை விட்டால்தானே.

எதிர்வீட்டு அண்ணன் வந்துவிட்டார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னச் சந்தில், யார் வீட்டில் பாத்திரம் விழுந்தாலும் முதல் ஆளாக வந்து எடுத்துக் கொடுப்பவர். எப்படி விழுந்தது என்று விளக்கமும் சொல்பவர். வாசலில் நின்றபடியே உத்தரவு போட்டார்.

"நாக்கப் புடி மகள், நாக்கப் புடி. உள்ளுக்குப் போனா உசிரு போயிரும்."

மகள் வாய்க்குள் கையை விட்டாள். தாடை மூடிக்கொண்டது. அவள் கத்தவில்லை, ஒரு மூச்சு மட்டும் உள்ளே இழுத்தாள். நான் அந்தத் தாடையை எப்படித் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. கையிலிருந்து வழிந்த இரத்தத்தை என் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அண்ணன் தன் சாவிக்கொத்தை எடுத்து நாயின் முன்னங்காலில் வைத்தார். வலிப்புக்காரன் கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்பது எங்கள் சனத்தின் வைத்தியம். மனிதன் என்றால் விரல்கள் இருக்கும், பிடித்துக்கொள்வான். நாய் பிடிக்கவில்லை. சாவி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. கடைசியில் நாயின் பாதத்தையும் சாவியையும் சேர்த்துத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு தானாக அடங்கியது. அவர் எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு பட்டமளிப்பு விழாவே நடந்தது.

பிறகுதான் மகளின் கையைக் கவனித்தார். சாவிக்கொத்தைத் தன் சாரத்தில் துடைத்தார். இரண்டடி பின்னால் போனார்.

"தங்கச்சி, இது விசர்" என்றார்.

வெறிநோய் என்கிற அந்த ஒரு சொல் ஒழுங்கையின் முனைக்குப் போய்ச் சேர, நாங்கள் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம்கூட ஆகவில்லை.

இந்த நாய் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்லவேண்டும். பிலிமத்தலாவையில், பெரிய வீதியிலிருந்து சற்று உள்ளே, குளியலறை ஓடுகள் விற்கும் முதலாளி ஒருவர் இருக்கிறார். ஓடு வியாபாரம் வயிற்றுக்கு. நாய் வியாபாரம் கௌரவத்துக்கு. அவருடைய முன்னறையில் கண்ணாடி அலுமாரி ஒன்று உண்டு. மேல்தட்டில் சாமி படங்கள், கீழ்த்தட்டுகளில் நாய்க் கண்காட்சிகளில் வென்ற கிண்ணங்களும் பட்டுநாடாக்களும். விளக்கு இரண்டுக்கும் பொதுவாக ஒன்றுதான். குட்டி வாங்கப் போன அன்று எங்களை ராகுகாலம் முடியும்வரை உட்காரவைத்தார். முடிந்ததும் குட்டியின் நெற்றியில் குங்குமம் வைத்துக் கையில் கொடுத்தார். அந்தக் குட்டிக்கு இங்கிலீஷில் நீளமான ஒரு பெயர் இருந்தது. ஏதோ பிரபுவின் மனைவிக்கு இருப்பதுபோல. எங்கள் வீட்டில் அதை யாரும் ஒரு தடவைகூடச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இரத்தத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். ஓடு விற்கும்போது மெருகைப் பற்றிப் பேசுவாராக இருக்கும்.

"இதோட தாய்க்கு வெளிய சம்பந்தம் பாக்கல மிஸ். சொந்தத் தாய்மாமனுக்கே குடுத்துட்டோம். நம்ம வழக்கம்தானே. ரத்தம் வெளிய போகக்கூடாது பாருங்க."

எங்களுக்கு அது பிடித்துப்போனது. இதுதான் வேடிக்கை. வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். எங்கள் காதில் அது கல்யாண வீட்டுப் பேச்சுபோல விழுந்தது. என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவருடைய சொந்த மாமன் மகள். முறைமாமனுக்குப் பெண் கொடுத்த வீடு நல்ல வீடு என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இத்தனைக்கும் எங்கள் சனம் சம்பந்தம் பேசும்போது கேட்காத கேள்வி கிடையாது. என் தங்கைக்குக் கம்பளையிலிருந்து ஒரு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஒழுங்கைத் தேத்தண்ணிக் கடையில் ஆளை உட்காரவைத்து விசாரித்தார்கள். அந்த வீட்டில் யாருக்காவது காக்கா வலிப்பு உண்டா, சித்தப்பிரமை உண்டா, வெண்குஷ்டம் உண்டா என்று மூன்று தலைமுறைக்குத் துருவினார்கள். வலிப்பு உண்டென்று தெரிந்தால் அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டார்கள். அதனாலேயே, வலிப்பு உள்ள வீட்டார் வாயைத் திறக்கமாட்டார்கள். பிள்ளையைக் கதவடைத்து வைப்பார்கள், மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளிப்பார்கள், கல்யாணம் முடியும்வரை மூச்சு விடமாட்டார்கள். நான் காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்க்கிறவள். குடும்பத்தில் யாருக்கும் ஒரு தலையிடிகூட வந்ததில்லை என்று முகத்துக்கு நேரே சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் நாய்க்கு மூன்று தலைமுறையை விசாரிக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும். கிண்ணங்களைப் பார்த்தோம். போதும் என்று நினைத்தோம்.

முதலாளிக்கு எங்களிடம் இன்னொரு எதிர்பார்ப்பும் இருந்தது. எங்கள் நாய்க்கு இரண்டு வயது ஆனதும் பிலிமத்தலாவைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதே ஆண்நாயோடு சேர்க்க. அந்த ஆண்நாய் எங்கள் நாயின் தகப்பன். மகள் அதைத் தொலைபேசியில் சுட்டிக்காட்டியபோது அவர் சிரித்தார். "நாய்க்கு என்னம்மா அப்பன், ஆத்தா" என்றார். முறை வேண்டிய இடத்தில் நாய்க்குத் தாய்மாமன் உண்டு. வேண்டாத இடத்தில் தகப்பன்கூடக் கிடையாது. இதுதான் அவருடைய நாய் சாஸ்திரம்.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு ஊசி போட்டார்கள். நாய் உயிரோடு இருக்கிறதா, கட்டிவைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு வாரம் கவனியுங்கள், அதற்குள் செத்துப்போகாவிட்டால் விசர் இல்லை என்றார்கள். சுகாதாரப் பரிசோதகரும் வந்து அதையே சொன்னார். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்றேன். இருந்தாலும் வலிப்பும் கடியும் ஒரே நேரத்தில் வந்ததால் சும்மா விடமுடியாது என்றார். அது நியாயம்தான்.

பேராதனைப் பக்கம் நாங்கள் வழக்கமாகக் காட்டும் மிருக வைத்தியர் ஓர் இளம்பெண். சிங்களத்தில் மெதுவாக, எனக்குப் புரியும்படி பேசுவார். இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈரல், சீனி எல்லாம் சரி. ஒன்றரை வயதில், எந்தக் காரணமும் தெரியாமல், வலிப்பு முடிந்ததும் பழையபடி எழுந்து சோறு தேடுகிற நாய் என்றால், பரம்பரை வலிப்பாக இருக்கத்தான் அதிகம் இடமுண்டு என்றார். அல்சேஷன்களில் இதைப் பார்க்கிறோம். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் கூடும். இதை இரத்தத்தில் சோதித்துச் சொல்ல ஒரு வழியும் இப்போது இல்லை. வீட்டுக் கதையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். தாய்க்கு உண்டா, தகப்பனுக்கு உண்டா, கூடப் பிறந்ததுகளுக்கு உண்டா. ஒன்றுக்கு உண்டென்று தெரிந்தாலும் போதும். பரிசோதகரிடமும் ஒழுங்கையிலும் சொல்லலாம், மாத்திரையைத் தொடங்கலாம், இதற்குக் கருத்தடை செய்யலாம், அந்தச் சோடியை மறுபடி சேர்க்கவேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். விற்றவரைக் கேளுங்கள், ஒரு வார்த்தைதானே என்றார் வைத்தியர். பாவம், சின்ன வயது.

அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொல்கிறேன். இதற்கிடையில் எதிர்வீட்டு அண்ணன் ஒழுங்கையைத் திரட்டிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் நடமாடுகிற இடம் என்றார். நாக்கைப் பிடிக்கச் சொன்னது யார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. சாவியால் தான் நிறுத்தியது மட்டும் நினைவிருந்தது. என் கணவர் சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர். எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை வந்தால், யாரும் கேட்கவேண்டியதில்லை, நானே ஊசி போட்டு முடித்துவிடுகிறேன் என்று. மகள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் டியூஷனுக்குப் போகவில்லை. பின்பக்கம் நாய்க்கூட்டருகே பழைய பலகையொன்றைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, அதைப் பார்த்தபடியே இருந்தாள். வலிப்பு வராமல் பார்வையாலேயே தடுத்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி ஒத்துக்கொள்ளுமா, காய்ச்சல் வருமா, ஒருவேளை அண்ணன் சொல்வது சரியாக இருந்துவிட்டால். அந்தக் கடைசி எண்ணத்தை நான் முடிக்கவே மாட்டேன். எழுந்துபோய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவேன்.

முதலாளி ஒரே ஒரு முறைதான் தொலைபேசியை எடுத்தார்.

"எங்க பரம்பரையில அப்படி எதுவும் கெடையாதுங்க மிஸ். நீங்க என்னா சாப்பாடு போட்டீங்க? கருவாட்டுத் தலை போட்டிருப்பீங்க. அல்சேஷன தோட்டத்து நாய் மாதிரி வளத்தா இப்படித்தான்."

அவருடைய தகப்பனார் எந்தத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தார் என்று பிலிமத்தலாவையில் எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எனக்குத் தேவையாக இருந்தது அவருடைய வார்த்தை. அதனால் கெஞ்சினேன். தாய்க்கு உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள், யாரிடமும் உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன் என்றேன். விசர் நாய்க்கும் தன் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய எண் அடித்து அடித்து ஓய்ந்தது.

நேரில் போனோம். அவருடைய மனைவி கேட்டைத் திறக்காமல், இடுக்கு வழியாக, அவர் கம்பளைக்குப் போயிருக்கிறார் என்றார். முற்றத்தில் அவருடைய கார் நின்றது. வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. உள்ளே தொலைக்காட்சியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. சத்தம் திடீரென்று குறைந்தது. வீட்டின் பின்பக்கத்திலிருந்து குட்டிகளின் கீச்சுச் சத்தம் கேட்டது. புதுக்குட்டிகள். எந்தத் தாயுடையது என்று கேட்டேன். "நல்ல தாய்தாங்க" என்றார் அந்த அம்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் எனக்கு விளங்குவதை வைத்து ஒழுங்கையை என்ன செய்யமுடியும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, மகளிடம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் எதையும் கேட்கவில்லை. இராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப நீங்களும் அப்பாவும்?"

கணவர் தண்ணீர் குடித்தார். நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினேன். எங்கள் இரண்டு வீட்டிலும் அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தச் சொற்களைச் சில நாளைக்கு முன்னால்தான் தொலைபேசியில் முதலாளி வாயில் கேட்டிருந்தேன். பருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை, கவனிக்கச் சொன்ன நாட்கள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, வலிப்பு மறுபடி வந்தது. இந்த முறை மகள் அதன் வாய்க்குள் கையை விடவில்லை. தண்ணீர்ச் சட்டியை நகர்த்தினாள், கூட்டின் மேல் சாக்கைப் போட்டு இருட்டாக்கினாள், வைத்தியர் சொன்னபடி விலகி நின்றாள். நாய் அடங்கி எழுந்து, சுவரில் இடித்துக்கொண்டு வட்டமாக நடந்தது. பிறகு தண்ணீர் குடித்தது. தண்ணீர் குடிக்கிறது பாருங்கள், விசர் நாய் குடிக்குமா என்று நான் மதிலுக்கு மேலால் அண்ணனிடம் சொன்னேன். சில விசர் குடிக்கும் என்றார் அவர். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வகை இருந்தது.

மிருக வைத்தியர் தொலைபேசியில், தயவுசெய்து இரண்டு நாள் பொறுங்கள், விசர் என்றால் இவ்வளவு நாள் உயிரோடு இருக்காது, நான் ஊசி போடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். என் கணவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒழுங்கை வாசலுக்கு வந்தது. வாக்குக் கொடுத்தவர் நீங்கள்தானே என்று மட்டும் கேட்டது. அவர் உள்ளே வந்து, கம்பளையில் இந்த வேலைக்கு வருகிற ஒருவருடன் தொலைபேசியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாக ஏற்பாடு. நான் அவரைத் திட்டவில்லை. பிள்ளையின் கையைப் பார்த்தால் நாயைக் கொல்லலாம் என்று தோன்றியது. முகத்தைப் பார்த்தால் முடியாது என்று தோன்றியது.

ஞாயிறு காலை மகள் கூட்டைத் திறந்து உள்ளே போய், நாயோடு உட்கார்ந்து, உள்பக்கமாகக் கொளுக்கியை மாட்டிக்கொண்டாள். கணவர் கெஞ்சினார். நாய் அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தது. எதிர்வீட்டு அண்ணன் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, மதிலோரம் வந்து நின்றிருந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். முனையில் கார் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது.

வந்தது கம்பளைக்காரர் அல்ல. பிலிமத்தலாவை முதலாளி.

தும்பைப்பூப் போல வேட்டி. கையில் மூடிபோட்ட பிரம்புக் கூடை. அவர் ஏன் வந்தார் என்று அண்ணனுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அண்ணனின் மைத்துனர் பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கிறார். 'விசர் நாய் விற்றவன்' என்ற பேச்சு இரண்டு வாரத்தில் அந்தக் கடை வழியாக ஊர் முழுக்கப் போயிருக்கிறது. புதுக்குட்டிகளைக் கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். வலிப்பு என்ற சொல்லை வாயில் போட்டுப் பூட்டிவைத்திருந்த மனிதர், அதைவிடப் பெரிய சொல் ஒன்று தன் கேட்டுக்கு வந்து நின்றதும், பூட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

எங்களிடம் வரவில்லை. நேரே மதிலோரம் நின்றவர்களிடம் போனார். எல்லாருக்கும் கேட்கும்படி, கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் பேசினார்.

"விசரும் இல்ல, கிசரும் இல்லீங்க. சும்மா ஊருக்குள்ள கதை கட்டாதீங்க. இது எங்க வீட்டு வலிப்பு. இவ தாய்க்கும் வரும், தகப்பனுக்கும் வரும், எத்தன வருசமா பாக்குறேன். வரும், போகும், மாத்திர குடுத்தா சரியாப் போயிரும்."

கூட்டுக்குள் கொளுக்கி கழலும் சத்தம் கேட்டது. மகள் நாயைக் கழுத்தில் பிடித்தபடி வெளியே வந்து, முற்றத்து நடுவில் நின்று, அவரைப் பார்த்தாள். அவர் அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார். அவளுடைய கைக்கட்டைப் பார்த்ததும், மனமிரங்கியவர்போல, கூடையின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா மகள், வச்சுக்க. புதுசாப் போட்டதுல நல்லதாப் பாத்து எடுத்தேன். அதே தாய், அதே தகப்பன். நம்பி வளக்கலாம்."